காப்புக் கட்டிய கை

ஈச்சந்தாங்கலில் நாராயணசாமி வீட்டில் இளைய மகனும் மருமகளும் பேசிக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேலாகிறது என்பது ஊரறிந்த சங்கதி. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள் சுலோசனா. தணிகாசலமும் சளைத்தவன் இல்லை. அவள் வைத்ததைத் தின்றுவிட்டுப் பேசாமல் மாந்தோப்புக்குப் போய்விடுகிறான். இத்தனைக்கும் காரணம் ஒரு கல்.

அந்தக் கல்லைப் பற்றி முன்னமே சொல்லியாயிற்று. இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். பழைய வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆந்திரம் தனி மாநிலமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சித்தூர் ஜில்லாவில் தமிழ் பேசுகிற ஊர்கள் எந்தப் பக்கம் என்ற வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. எல்லையை விசாரிக்க ஆள் வரப்போகிறார் என்று பத்திரிகைகள் எழுதும். அவர் வர மாட்டார். பொறுத்துப் பார்த்த புத்தூர் பக்கத்து ஜனங்கள் ஒருநாள் கொடி பிடித்து நடந்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கல் பறந்து, காவலுக்கு நின்ற கங்கையா என்ற போலீஸ்காரரின் நெற்றியில் பட்டது. மறுநாளே நூற்று நாற்பத்து நாலு போட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து நின்றால் குற்றம், கொடி பிடித்தால் குற்றம். கல்யாண ஊர்வலத்துக்குக் கூடத் தாசில்தாரைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

கல்லை எறிந்தவன் தணிகாசலம்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சந்தையில் ஒரு வண்டிக்காரனின் பல்லைப் பேர்த்த கை அல்லவா அது? சுலோசனா அவனை நேருக்கு நேர் கேட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பட்டது பட்டுப்போச்சு, வுடு" என்றான். இவன் ஒருவன் கையை அடக்காததால் ஊரே வாயை மூடிக்கொண்டு கிடக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றைக்கு மூடியதுதான் அவள் வாய்.

ஒருவழியாகத் தடை தளர்ந்தது. ஒரே ஒரு ஊர்வலம் போகலாம், புத்தூர் சந்தை மைதானத்தில் கூட்டம் போடலாம், ஒரு கல் பறந்தாலும் இனி இந்தத் தாலுகாவில் கூட்டம் என்ற பேச்சே கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதற்கு ஜாமீனாகத் தன் வாய்ச்சொல்லைக் கொடுத்தவர் நாராயணசாமி. பெற்ற மகனையே நம்பாத மனுஷர் ஊருக்கு ஜாமீன் நின்றார் என்றால், அவர் எந்த ராத்திரியும் தூங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுலோசனாவுக்கு யோசனை பிறந்தது. ஆடி மாசம். பொன்னியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற மாசம். அம்மன் கோயிலில் காப்புக் கட்டும் உரிமை பரம்பரையாக மாமனாருடையது. ஊர்வலம் போகிற ஆண்கள் அத்தனை பேர் கையிலும் கட்டிவிடுங்கள் மாமா, காப்புக் கட்டின கை அடிக்காது, காப்புக் கட்டினவன் வாய் திட்டாது என்றாள். நாராயணசாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாள் பார்த்து, முதலில் அம்மனுக்குக் கட்டி, ஊரெல்லையைச் சுற்றி மஞ்சள் அரிசி இறைத்து, பிறகு ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கட்டினார். தணிகாசலத்துக்கு மட்டும் முடிச்சை இரண்டாகப் போட்டார்.

போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன். இப்போது ஊர்வல நாள் விடிந்துவிட்டது.

*

திருப்பதியிலிருந்து வரும் காலை ரயிலில் கோவர்த்தனன் வந்து இறங்கினார். நாராயணசாமியின் மூத்த மகன். திருப்பதியில் வாத்தியார் வேலை. வீட்டிலேயே பேண்ட் போட்டவர் அவர் ஒருவர்தான். கண்ணாடியும் அவர் ஒருவருக்குத்தான். பிள்ளைகளை அடிக்காத வாத்தியார் என்று பேர் வாங்கியவர், எறும்பு ஊர்ந்தால் ஒதுங்கி நடக்கிற சாது.

வந்தவர் உட்காரவில்லை. காப்பியைத் தொடவில்லை. தம்பியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், இன்றைக்கு ஊர்வலத்துக்குப் போகாதே, என்னோடு திருப்பதிக்கு வந்துவிடு, ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினார். கங்கையாவும் காவலுக்கு வருகிறானாம், உன்னைப் பார்த்தால் விடுவானா என்றார்.

தணிகாசலம் சிரித்தான். கையைத் தூக்கிக் காட்டினான்.

"காப்புக் கட்டிக்கினு எப்டிண்ணா வர்றது? அவுக்கிற வரைக்கும் ராத்திரி ஊரெல்லை தாண்டித் தங்கக் கூடாது. உனுக்குத் தெரியாதா?"

கோவர்த்தனன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டான். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்னவோ ஒன்று இருக்கிறது என்று அடுப்படியிலிருந்து பார்த்த சுலோசனாவுக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேறு கவலை. புருஷன் கை.

மூத்தவருக்கென்று அவள் ஒரு காப்பை எடுத்து வைத்திருந்தாள். பங்காருபாளையத்துப் பெண் அவள்; அந்தப் பக்கத்து வழக்கப்படி புருஷனின் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா, நீங்களும் கட்டிக்குங்க. மாமா கட்டுவாரு."

கோவர்த்தனன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று என்னென்னவோ சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை. காப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாவம் வாத்தியார், அரசாங்கச் சம்பளம், பயப்படாமல் என்ன செய்வார் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொள்வோம். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

*

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாராயணசாமி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் அரிசித் தட்டு. பின்னால் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள். வழியில் ஒவ்வொரு ஊரும் வந்து சேர்ந்துகொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த தெலுங்குக் குடும்பங்களைப் பார்த்து ஒருவர்கூட வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பு வேலை செய்தது. "வேங்கட மலை எங்கள் எல்லை", "சித்தூர் எங்கள் சித்தூர்" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள், அவ்வளவுதான்.

கத்துவதில் என்ன தப்பு? ஆந்திர மாநிலமே ஜனங்கள் தெருவில் கூடிக் கேட்டு வாங்கியதுதானே? அவர்கள் கூடியது சரி, இவர்கள் கூடினால் கலகம் என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. தெருவில் நின்று கேட்க முடியாத ஜனங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து புகைவார்கள். அந்தப் புகைச்சலிலிருந்துதான் கல் புறப்படுகிறது. கூடவிட்டால் கல்லுக்கு வேலையில்லை. இது பெரிய அதிகாரிகளுக்குப் புரிய வெகுகாலம் ஆகிறது.

சுலோசனாவுக்கு இதெல்லாம் மனசில் ஓடவில்லை. அவள் கண் முன்வரிசையில் ஒரு முதுகின் மேலேயே இருந்தது. அந்த முதுகு விறைத்தால் அவள் மூச்சு நின்றது, தளர்ந்தால் வந்தது.

புத்தூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் மறித்து நின்றது. குறுக்கே ஒரு லாரி. டி.எஸ்.பி. முன்னால் வந்து, அனுமதி இன்று காலை ரத்தாகிவிட்டது, கலைந்து போங்கள் என்றார். ஏன் ரத்து என்று நாராயணசாமி கேட்டார். மேலிடத்து உத்தரவு என்றார் அவர். அதற்கு மேல் அவருக்கே தெரியாது போலிருந்தது.

கூட்டம் ஒரு முறை அலைபாய்ந்தது. பின்னாலிருந்து இளைஞர்கள் நெருக்கினார்கள். நாராயணசாமி திரும்பிப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்தார். வெயிலில் கொதித்த தார் ரோட்டில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து முன்வரிசை உட்கார்ந்தது. முன்வரிசையைப் பார்த்து ஊரே உட்கார்ந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் சோடாக்கடை வைத்திருந்த செட்டியார் தெலுங்குக்காரர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வாளியில் தண்ணீர் மொண்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நின்ற போலீஸ்காரர்களுக்கும் கொடுத்தார். எந்தப் பக்கத்துக்கு முதலில் என்று பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு ஏட்டு வரிசைக்குள் நுழைந்து தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்து எழுப்பினார். "கல்லு போட்ட மவன் இவன்தான் சார்" என்று கத்தினார். கத்தியதோடு நிற்கவில்லை. தடி தோளில் விழுந்தது. இன்னொன்று முழங்கையில்.

சுலோசனாவின் இடுப்பிலிருந்த குடம் கீழே விழுந்து உருண்டது.

தணிகாசலத்தின் வலது கை எழும்பியது. வண்டிக்காரனின் பல்லைப் பேர்த்த அதே கை. ஊரே அதைப் பார்த்தது. டி.எஸ்.பி. பார்த்தார். நாராயணசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

எழும்பிய கையை இடது கையால் பிடித்தான் தணிகாசலம். காப்பின் மேலேயே பிடித்தான். மஞ்சள் கிழங்கு உள்ளங்கையில் அழுந்தப் பிடித்தபடி, மூன்றாவது அடியையும் வாங்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். வாய் திறக்கவில்லை.

சுலோசனா அழுதாள். ஒரு மாசமாக அடைத்துவைத்த அழுகை. பெருமையா துக்கமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அந்தக் கல் இன்னும் குறுக்கே கிடந்தது. அன்றைக்கு இப்படிக் கையைப் பிடித்திருந்தால் என்னய்யா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஏட்டின் தடி நாலாவது தரம் உயர்ந்தபோது ஒருவர் அதைப் பிடித்தார். நெற்றியில் தழும்பு சிவந்திருந்த கங்கையா.

"இவன் காது சார்" என்று பாதித் தெலுங்கில் சொன்னார் டி.எஸ்.பி.யிடம். "கல்லு போட்டது இவன் இல்லே. அடிபட்டவன் நானு, எனக்குத் தெரியாதா?"

டி.எஸ்.பி. ஏட்டை முறைத்து விலகச் சொன்னார். அப்படியானால் எறிந்தது யார் என்று கங்கையாவைக் கேட்கவில்லை. அவருக்கு அப்போது வேறு தலைவலி: இவ்வளவு பேரையும் பொழுது சாய்வதற்குள் கைது செய்து அனுப்ப வேண்டும்.

*

கைதுக்கு யாரும் தகராறு செய்யவில்லை. பேரைச் சொன்னார்கள், ஊரைச் சொன்னார்கள், லாரிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஏறச் சொன்னபோது முதலில் நின்ற கிழவர் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

சித்தூர் ஜெயிலுக்கு என்றார்கள்.

கிழவர் எடுத்த காலைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோர் பார்வையும் நாராயணசாமியிடம் வந்தது.

அடக் கடவுளே. இதை யாருமே யோசிக்கவில்லை. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, கறி தின்னக் கூடாது என்று எல்லாம் யோசித்துக் கட்டிய காப்பு; ராத்திரி ஊரெல்லை தாண்டித் தங்கக் கூடாது என்பதும் அதே காப்புதானே? ஜெயில் ஊருக்குள்ளா இருக்கிறது? சும்மா பேருக்குக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. அம்மனுக்கு முதல் காப்புக் கட்டி, எல்லை சுற்றி, முறையாகக் கட்டித் தொலைத்துவிட்டார் நாராயணசாமி. மீறினால் ஊருக்கு ஆகாது என்பது அந்தக் கூட்டத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

டி.எஸ்.பி. கிருஷ்ணா நதிப் பக்கத்துக்காரர். அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இத்தனை நேரம் சாதுவாக இருந்தவர்கள் இப்போது முரண்டு பிடிக்கிறார்கள் என்றுதான் பட்டது. தடியோடு நின்றவர்களை முன்னால் வரச் சொன்னார். தடிகள் தூக்கப்பட்டன.

கங்கையாதான் மறுபடி குறுக்கே வந்தார். அவர் சொந்த ஊர் திருப்பதி.

"சார், வீள்ளு யாரும் எதிர்க்கலை சார். காப்புக் கட்டிக்கினு கீறாங்க. எங்க திருப்பதிலயும் அதே. கங்கம்மா ஜாத்ரைக்குச் சாட்டிம்பு போட்டு, தண்டோரா அடிச்சிட்டா ஊரைத் தாண்டி யாரும் ராத்திரி தங்க மாட்டோம். எங்கம்மா செத்துக் கிடந்தப்போ கூட எங்க அண்ணன் ஊரை வுட்டு வரலை."

டி.எஸ்.பி. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சரி, புரிகிறது, ஆனால் எனக்கு உத்தரவு சித்தூருக்கு, நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றார். குரல் இறங்கியிருந்தது. நேரம் கொடுத்தார்.

காப்பை அறுத்துவிட்டால் என்ன என்றான் பின்னால் ஒரு இளைஞன். தன்னால் வந்த வினை என்று நாராயணசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். அறுத்தால் அம்மனுக்குக் குற்றம். அறுக்காவிட்டால் தடியடி, தடியடி நடந்தால் கலகம் என்று எழுதுவார்கள், அதோடு இந்தத் தாலுகாவில் கூட்டம் போன மாதிரிதான்.

"அவுக்காதே நைனா" என்று அப்பாவைத் தடுத்தான் தணிகாசலம். வீங்கிய முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றான். "இது இருக்கிறதாலதான் நான் உக்காந்தேன். கழட்டினா அடிச்சிடுவேன். என்மேல எனக்கே நம்பிக்கை இல்லே."

இதைக் கேட்டதும் சுலோசனாவுக்கு உள்ளே எதுவோ இளகிற்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் அவள் பேசியதே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். காத்தாலேர்ந்து இவ்ளோ பேரும் கத்திக்கினு வந்தீங்களே, நம்ம எல்லை எதுவரைக்கும்னு?"

"திருப்பதி மலை வரைக்கும்" என்றார் நாராயணசாமி, புரியாமல்.

"அப்ப சித்தூரு?"

கூட்டத்தில் இரண்டொருவர் நிமிர்ந்தார்கள்.

"சித்தூரு நம்முளுதுன்னா அந்த ஜெயிலும் நம்ம எல்லைக்குள்ளதான் கீது. அங்க படுத்தா காப்புக்கு இன்னா குத்தம்? வெளியூருன்னு நினைச்சா ஏறாதீங்க. ஆனா நாளைலேர்ந்து கோஷமும் போடாதீங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற டி.எஸ்.பி.க்குக் கங்கையா தெலுங்கில் சொன்னார். அவர் சிரிப்பை அடக்கத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நாராயணசாமி சிரிக்கவில்லை. அவருக்கு இது விளையாட்டு இல்லை. நீ சொல்றது நாயம்தான்மா, ஆனா அம்மனுக்கு நான் எல்லை கட்டினது ஏரிக்கரை வரைக்கும்தானே என்றார்.

"அப்ப போயி சித்தூரு வரைக்கும் கட்டுங்க. எல்லை கட்டுறது உங்க வேலைதானே மாமா?"

கைதாகிறவர்களில் நாராயணசாமி இல்லை. ஜாமீன் நின்றவர் என்று அவரை விட்டுவிட்டிருந்தார்கள். வயது வேறு, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தரையிலிருந்த மஞ்சள் அரிசித் தட்டைக் குனிந்து எடுத்தார். சோடாக்கடைச் செட்டியார் தன் கடை வாசல் வேப்பமரத்தில் ஒரு கொப்பை ஒடித்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். டி.எஸ்.பி. ஏறட்டும் என்று தலையை ஆட்டினார்.

முதல் ஆளாக லாரியில் ஏறியவர் நாராயணசாமிதான். கங்கையா கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பிறகு ஏறுவதற்கு இடம் போதவில்லை. கைதாகாதவர்கள் கூட ஏறப் பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் இறக்கிவிட வேண்டியதாயிற்று. டி.எஸ்.பி. நாராயணசாமியிடம் வந்து, கல் ஒன்றும் பறக்கவில்லை என்று நான் எழுதித்தான் ஆக வேண்டும், அடுத்த கூட்டத்துக்குக் கேளுங்கள், மறுக்க என்னிடம் காரணம் கிடையாது என்றார். இவ்வளவு பேர் தார் ரோட்டில் வெந்து சம்பாதித்தது அது. கொஞ்சம்தான். ஆனால் நேற்று வரை அதுவும் கையில் இல்லை.

*

லாரியின் பின்கதவைத் தூக்கிப் போட வந்தார் கங்கையா. சுலோசனா அங்கே நின்றிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், பேச வரவில்லை. அதற்குப் பதிலாகக் கங்கையாவிடம் திரும்பி, ஏட்டய்யா தடியைப் பிடிச்சீங்களே அண்ணா, நல்லா இருங்க என்றாள்.

கங்கையாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இத்தனை நாள் ஊர் இவன்மேல் பழி போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது அம்மா என்றார். அன்றைக்கு உன் மாமனாரை நான்தான் நெட்டித் தள்ளினேன், அதைப் பார்த்துத்தான் கல் வந்தது, தப்பு என்மேலும் இருந்தது, அதனால் ஆளைப் பார்க்கவில்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன் என்றார்.

"யாருண்ணா அது?"

அவர் தயங்கினார். அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தார்.

"கண்ணாடி போட்ட மனுஷன். பேண்ட்டு. கல்லு போட்டுட்டு அவரே நின்ன எடத்துல அழுதாரு. உன் புருஷன்தான் அவரை இழுத்துக்கினு ஓடினது."

லாரி உறுமியது. ஒரு மாசம். சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு மாசம். பட்டது பட்டுப்போச்சு, வுடு என்றானே, அதற்கு இதுவா அர்த்தம்? அண்ணன் வேலைக்காகத் தன் பேரை ஊர் வாயில் போட்டுக்கொண்டானா? நான் அவனைக் கட்டிவைக்கக் காப்புத் தேடினேனே, பாவி!

லாரி நகர்ந்தது. அவள் ஓடினாள். செருப்பில்லாத கால் தாரில் பொசுங்கிற்று.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். ஒரு மாசத்துக்கு அப்புறம் அவள் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை.

தணிகாசலம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். வேண்டாம், யாரிடமும் சொல்லாதே என்று தலையை ஆட்டினான். அடிபட்ட கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினான். அவன் பக்கத்தில் நாராயணசாமி, எதுவும் தெரியாமல், வேப்பிலையும் மஞ்சள் அரிசியுமாகக் கார்வேட்டிநகரத்து ரோட்டில் இறைத்துக்கொண்டு போனார். சித்தூர் வரைக்கும் இறைக்க வேண்டுமே என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறைத்தார்.

சுலோசனா திரும்பினாள். ஊர்வலத்துக்குப் பின்னாலேயே வந்திருந்த கோவர்த்தனன் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கங்கையா பேசியதை அவர் கேட்டிருக்க முடியாது. ஆனால் கங்கையா பார்த்த பார்வை அவர்மேல்தான் வந்து விழுந்தது. கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

அவள் அவரைத் திட்டவில்லை. காலையில் தம்பியைத் திருப்பதிக்குக் கூட்டிப் போகத் துடித்தது எதற்காக என்று இப்போது புரிந்தது. அந்த மனுஷர் மேல் இரக்கம்கூட வந்தது. இரக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காலையில் மிச்சமான காப்பு அதில் இருந்தது.

"பாவா" என்றாள். "கையைக் குடுங்க. அடுத்த லாரி வந்துக்கினு கீது."

தெற்கேயிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டது. திருப்பதிக்குப் போகிற ரயில். கேட்காரன் கதவைச் சாத்த ஆரம்பித்தான். அந்தப் பக்கம் போய்விட்டால் ஸ்டேஷன், இந்தப் பக்கம் நின்றால் லாரி.

கோவர்த்தனன் காப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சுலோசனா நீட்டிய கையை மடக்கவில்லை. அவருடைய கை பேண்ட் பைக்குள்ளேயே இருந்தது.